எம்1, எஃப்-16, 9கே38: ராணுவத் தளவாடங்களுக்குக் குறியீடு எப்படி வைக்கிறார்கள்?

துப்பாக்கி, டாங்கி, ஏவுகணை, போர் விமானம் என்று எதைப் பற்றிப் படித்தாலும் எழுத்தும் எண்ணும் கலந்த பெயர்கள் வந்து விழுகின்றன. அவற்றைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளும் பதில்களும் இவை. முதல் பதிலை மட்டும் முதலில் படித்துவிடுங்கள். மற்றதை எந்த வரிசையிலும் படிக்கலாம்.

தயாரித்த நிறுவனமே ஒரு பெயர் வைத்திருக்கிறது. ராணுவம் எதற்குத் தனியாக இன்னொன்று வைக்கிறது?

கணக்கு வழக்குக்காகத்தான். ஒரு பொருள் படையில் சேர்ந்த அன்றே அதற்கு உதிரி பாகம் வாங்க வேண்டும், தோட்டா அனுப்ப வேண்டும், கையேடு அச்சடிக்க வேண்டும், பழுது பார்ப்பவருக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். கிடங்கில் இருப்பவரும் களத்தில் இருப்பவரும் அதை ஒரே பெயரில் சொன்னால்தான் இதெல்லாம் நடக்கும். நிறுவனம் வைத்த பெயரை நம்பி இதைச் செய்ய முடியாது. சந்தை மாறினால் நிறுவனம் பெயரையும் மாற்றிவிடும்.

பெல்ஜியத்தின் எஃப்என் நிறுவனம் 1950களில் வடிவமைத்த மேக் என்ற இயந்திரத் துப்பாக்கியைப் பாருங்கள். பிரிட்டனில் அது எல்7. அமெரிக்காவில் எம்240. சுவீடனில் கேஎஸ்பி 58. அடிப்படையில் துப்பாக்கி ஒன்றுதான். ஒவ்வொரு நாட்டின் பேரேட்டிலும் அது வேறு வேறு வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே ஒரு குறியீட்டைப் பார்த்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘இதை யார், எந்தப் பேரேட்டுக்காக வைத்தார்கள்?’ என்பது. குழப்பத்தில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

எண் பெரிதாக இருந்தால் ஆயுதம் புதியது, வலிமையானது என்றுதானே பொருள்?

இல்லை. கதவு எண்ணைப் பார்த்து வீட்டின் அளவைச் சொல்ல முடியாது. பெரும்பாலும் அந்த எண் பதிவேட்டில் இடம் பிடித்த வரிசையைத்தான் சொல்லும். அந்த வரிசையும் கால வரிசையாக இருக்கும் என்று நம்ப முடியாது. பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் ஒன்பதாவது மார்க், அதாவது ஒன்பதாவது மாதிரி, 1942-இல் படைக்கு வந்தது, எட்டாவது மார்க் அதற்குப் பின்னால்தான் வந்தது. ஜெர்மனியின் புதிய விமானத்துக்கு அவசரமாகப் பதில் சொல்ல வேண்டியிருந்ததால், இடைக்கால ஏற்பாடாகத் தொடங்கிய ஒன்பது முந்திக்கொண்டது.

அமெரிக்கத் தரைப்படையில் துப்பாக்கியும் எம்1, தலைக்கவசமும் எம்1, டாங்கியும் எம்1. இது எப்படி?

பழைய முறையில் எம் என்ற எழுத்துக்குப் பின்னால் ஆண்டைப் போட்டார்கள். எம்1903 ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கி 1903-ஆம் ஆண்டு மாதிரி, எம்1911 கைத்துப்பாக்கி 1911-ஆம் ஆண்டு மாதிரி. 1920களில் இதைக் கைவிட்டு, ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார்கள். வகைதோறும் புது வரிசை என்பதால் வகைதோறும் ஒரு எம்1 பிறந்தது. எம்1 கேரண்ட் துப்பாக்கி, எம்1 கார்பைன் என்ற குட்டைத் துப்பாக்கி, எம்1 தாம்சன் சப்மெஷின் கன், எம்1 பசூக்கா ராக்கெட் ஏவி, எம்1 தலைக்கவசம், எம்1 தீ உமிழி எல்லாம் இரண்டாம் உலகப் போரில் ஒரே நேரத்தில் புழக்கத்தில் இருந்தவை. எம்1 ஏப்ராம்ஸ் டாங்கி வெகு காலம் கழித்து, 1980களில் வந்து சேர்ந்தது.

எழுதி வைத்தவர்களைக் கேட்டால் இதில் குழப்பமே இல்லை என்பார்கள். முழுப் பெயர் ‘ரைஃபிள், .30 காலிபர், எம்1’. காலிபர் என்பது குழாயின் விட்டம். பொருளின் வகையும் பெயரில் சேர்ந்ததுதான். வெறும் எம்1 என்பது பாதிப் பெயர். காகிதத்தில் இது சரியான வாதம். ஆனால் களத்தில் யாரும் முழுப் பெயரைச் சொல்ல மாட்டார்கள். கேரண்ட் துப்பாக்கியும் எம்1 கார்பைனும் .30 காலிபர்தான், ஆனால் ஒன்றின் தோட்டா மற்றதில் நுழையாது. கேரண்டின் தோட்டா நீளமானது, எட்டு எட்டாகக் கிளிப்பில் கோத்து வரும். கார்பைனின் தோட்டா குட்டையானது, கழற்றி மாட்டும் மேகசீனில் போகும். ‘எம்1-க்கு .30 தோட்டா அனுப்பு’ என்று சொன்னால் எந்தப் பெட்டியை அனுப்புவது?

இதைவிட மோசம் எம்3. 1941-இல் எம்3 என்ற இலகு டாங்கி ஒன்று, எம்3 என்ற நடுத்தர டாங்கி ஒன்று, எம்3 என்ற அரைச்சங்கிலி வண்டி ஒன்று இருந்தன. கொஞ்ச நாளில் எம்3 சப்மெஷின் கன்னும் வந்தது. அந்த டாங்கிகளை வாங்கிய பிரிட்டன், ஸ்டூவர்ட், லீ, கிராண்ட் என்று அமெரிக்க உள்நாட்டுப் போர்த் தளபதிகளின் பெயரைச் சூட்டிக்கொண்டது. எம்4 டாங்கி ஷெர்மன் ஆனதும் அப்படித்தான். வாங்கியவர்களுக்கு இருந்த நல்ல புத்தி விற்றவர்களுக்கு இல்லை என்று எனக்குத் தோன்றும்.

ஏ1, ஈ1, எக்ஸ்எம், மார்க், மாட்: இந்த ஒட்டுகளுக்கு என்ன அர்த்தம்?

அமெரிக்கத் தரைப்படையில் எக்ஸ்எம் என்றால் இன்னும் முறையாக ஏற்கப்படாதது. முன்பு இதற்கு டி என்ற எழுத்தைப் போட்டார்கள். டி26 என்று சோதனையில் இருந்த டாங்கிதான் பிறகு எம்26 பெர்ஷிங் ஆனது. ஏ1, ஏ2 என்பவை ஏற்கப்பட்ட திருத்தங்கள். ஈ என்பது சோதனைத் திருத்தம். வியட்நாம் போரில் பயன்பட்ட எக்ஸ்எம்16ஈ1 என்ற துப்பாக்கி 1967-இல் எம்16ஏ1 ஆகியது. இந்த ஒரு மாற்றத்தைப் படிக்கத் தெரிந்தால் முறை பிடிபட்டுவிடும்: எக்ஸ் போனது, ஈ போய் ஏ வந்தது, அதாவது சோதனைப் பொருள் நிரந்தரப் பொருள் ஆனது.

அமெரிக்கக் கடற்படை இதே வேலைக்கு மார்க், மாட் என்ற சொற்களை வைத்திருக்கிறது. மார்க் 48 டார்பிடோ, மாட் 7 என்றால் நாற்பத்தெட்டாவது மாதிரியின் ஏழாவது திருத்தம். மார்க் 19 கையெறிகுண்டு ஏவியைத் தரைப்படையிடம் பார்த்தால், அது கடற்படைப் பேரேட்டிலிருந்து வந்தது என்று பெயரே சொல்லிவிடும்.

எஃப்-16, பி-52, எம்கியூ-9: விமானக் குறியீட்டை எப்படிப் படிப்பது?

அமெரிக்க முறையில் நடுவில் இருக்கும் சிறு கோட்டிலிருந்து இடப்பக்கமாகப் படிக்க வேண்டும். கோட்டுக்கு வலப்பக்கம் இருக்கும் எண் வரிசை எண். அதையொட்டி வரும் எழுத்து ஏ, பி, சி என்று போகும் மேம்பாட்டு நிலை. அதில் ஐ, ஓ இரண்டையும் தவிர்ப்பார்கள், ஒன்று, சுழியம் போலத் தெரியும் என்பதால். கோட்டுக்கு இடப்பக்கம் உடனே வருவது வேலை: எஃப் போர் விமானம், பி குண்டுவீச்சு, சி சரக்கு, டி பயிற்சி. அது வழக்கமான விமானமாக இல்லையென்றால் வகை எழுத்து முதலில் வரும். ஹெச் ஹெலிகாப்டர், கியூ ஆளில்லா விமானம். அதற்கும் இடப்பக்கம் மாற்றிய வேலை, கடைசியாக நிலை: எக்ஸ் ஆய்வு விமானம், ஒய் முன்மாதிரி.

இப்போது ஈசி-130ஹெச் என்பதைப் பிரிக்கலாம். 130 என்ற வரிசை எண் கொண்ட சரக்கு விமானம், மின்னணுப் போருக்காக மாற்றப்பட்டது, ஹெச் நிலை. எம்கியூ-9 என்றால் பல வேலை செய்யும் ஆளில்லா விமானம், வரிசையில் ஒன்பதாவது. பிரிடேட்டர் ட்ரோன் முதலில் ஆர்கியூ-1, அதாவது வேவு பார்ப்பது. அதில் ஏவுகணை மாட்டிய பிறகு 2002-இல் எம்கியூ-1 ஆனது. ஒரு எழுத்து மாறியதில் ஒரு கொள்கையே மாறியிருக்கிறது.

இந்த முறை 1962 செப்டம்பரில் வந்தது. அதற்கு முன் விமானப்படைக்கு ஒரு முறை, கடற்படைக்கு இன்னொன்று. ஃபேன்டம் விமானம் கடற்படையில் எஃப்4ஹெச், விமானப்படையில் எஃப்-110. ஒரே விமானம் இரண்டு பெயரில் வந்து நின்றதும், இரண்டையும் ஒழித்து எஃப்-4 என்று ஒன்றாக்கி, எல்லாப் படைக்கும் பொது முறை கொண்டுவந்ததும் அப்போதுதான்.

கடற்படையின் பழைய முறை ரசிக்கத்தக்க சிக்கல். அதில் தயாரிப்பாளருக்கும் ஒரு எழுத்து உண்டு. எஃப்4யூ என்றால் வாட் நிறுவனத்தின் நான்காவது போர் விமான வடிவம். யூ என்பது வாட். அதே கோர்செர் விமானத்தைக் குட்இயர் தயாரித்தபோது எஃப்ஜி ஆனது, பிரூஸ்டர் தயாரித்தபோது எஃப்3ஏ ஆனது. ஒரே தளத்தில் அருகருகே நிற்கும் ஒரே மாதிரியான மூன்று விமானங்களுக்கு மூன்று பெயர். எந்தத் தொழிற்சாலைப் பொருள் என்று தெரிவது பழுது பார்ப்பவருக்கு வசதி என்று வாதிடலாம். மற்ற எல்லோருக்கும் தலைவலி.

அப்புறம் ஒரு துணுக்கு: ஹெச்யூ-1 என்பதுதான் 1962-க்கு முன் ஒரு ஹெலிகாப்டரின் குறியீடு. வீரர்கள் அதை அப்படியே வாசித்து ‘ஹியூயி’ என்றார்கள். புது முறையில் அது யூஹெச்-1 ஆகத் திரும்பிப்போனது. செல்லப்பெயர் மட்டும் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எஃப்-22, எஃப்-23 வரை வந்துவிட்டு, திடீரென எஃப்-35 எங்கிருந்து வந்தது?

விதியை மீறி வந்தது. புதிய போர் விமானத்துக்கான போட்டிக்கு லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனம் கொண்டுவந்த ஆய்வு விமானத்தின் பெயர் எக்ஸ்-35. எக்ஸ் வரிசை ஆய்வு விமானங்களுக்கான தனிப் பட்டியல், போர் விமான வரிசைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 2001 அக்டோபரில் வெற்றியாளரை அறிவித்தபோது, எக்ஸை எடுத்துவிட்டு எஃப் என்று சொல்லிவிட்டார்கள். முறைப்படி எஃப்-24 வந்திருக்க வேண்டும். மேடையில் சொன்னது சொன்னதுதான். அதிகாரப்பூர்வமாகவும் எஃப்-35 ஆகிவிட்டது.

இப்படி ஓட்டைகள் நிறைய. எஃப்-117 ஒரு போர் விமானமே இல்லை. குண்டு போடத்தான் அதற்குத் தெரியும், எதிரி விமானத்தோடு சண்டை போட அதில் ஒன்றும் கிடையாது. எண்ணும் 1962-க்கு முந்தைய பழைய வரிசையை ஒட்டி இருக்கிறது. ரகசியமாக வளர்ந்து 1988-இல் வெளியே வந்தபோது அந்தப் பெயரோடுதான் வந்தது. அதற்கு முன் எல்லோரும் அதை எஃப்-19 என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். காரணம் வேடிக்கையானது: எஃப்-18-க்கு அடுத்து எஃப்-20 வந்துவிட்டது, நடுவில் 19 காணவில்லை. காணாமல் போன எண்தான் ரகசிய விமானம் என்று ஊகித்து, 1986-இல் ஒரு பொம்மைக் கம்பெனி எஃப்-19 என்ற பெயரில் ஒட்டும் மாதிரியே விற்றது. உண்மையில் நார்த்ராப் நிறுவனம் தன் விமானத்துக்கு 20 என்ற எண்ணைக் கேட்டு வாங்கியது, 19 சும்மா விடப்பட்டது.

பி-2-க்கு அடுத்து பி-3 வரவில்லை, பி-21 வந்தது. 21-ஆம் நூற்றாண்டின் குண்டுவீச்சு விமானம் என்று சொல்வதற்காக. கடற்படையிலும் இதே ஆசை இருந்திருக்கிறது. சீவுல்ஃப் நீர்மூழ்கிக் கப்பல் திட்டத்தின் பெயரில் இருந்த 21 அப்படியே கப்பல் எண்ணாகி, எஸ்எஸ்என்-21, 22, 23 என்று மூன்று கப்பல்கள் வரிசையை விட்டுத் தனியாக நிற்கின்றன. அடுத்து வந்த வர்ஜீனியா பழைய வரிசையையே தொடர்ந்து எஸ்எஸ்என்-774 ஆனது. எண்ணை விளம்பரத்துக்குப் பயன்படுத்தத் தொடங்கினால் அது எண்ணாக இருப்பதை நிறுத்திவிடுகிறது என்பது என் கருத்து. அதிகாரிகள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

எஸ்ஆர்-71 என்ற வேவு விமானத்தைப் பற்றி ஒரு கதை உலவுகிறது: 1964-இல் அமெரிக்க ஜனாதிபதி ஜான்சன் ஆர்எஸ் என்பதை மாற்றி வாசித்துவிட்டாராம், அதனால் பெயரே மாறிவிட்டதாம். அவருக்குக் கொடுத்த உரையிலேயே எஸ்ஆர் என்றுதான் இருந்தது. விமானப்படைத் தலைவர் கர்ட்டிஸ் லீமே அந்தப் பெயரை விரும்பி மாற்றச் சொல்லியிருந்தார். பத்திரிகையாளர்களுக்குக் கொடுத்த பிரதியில் மட்டும் பழைய ஆர்எஸ் தங்கிவிட்டது.

ஏவுகணை, ரேடார் இவற்றுக்கும் இதே முறைதானா?

ஏவுகணைக்கு மூன்று எழுத்து: எங்கிருந்து ஏவுவது, எதற்கு, கடைசியில் எம் என்றால் வழிகாட்டி ஏவுகணை. ஏஐஎம்-9 வானிலிருந்து ஏவப்பட்டு வானில் இடைமறிப்பது. எஃப்ஐஎம்-92 தனி வீரர் ஏவுவது. எல்ஜிஎம்-30 தரைக்கு அடியில் உள்ள கிணற்றிலிருந்து கிளம்பி தரை இலக்கைத் தாக்குவது. இந்த முறை 1963-இல் வந்தது. அதற்கு முன் இதே ஏஐஎம்-9 கடற்படையில் ஏஏஎம்-என்-7, விமானப்படையில் ஜிஏஆர்-8.

மின்னணுக் கருவிகளுக்கு முன்னால் ஏஎன் என்று ஒட்டு இருக்கும். 1943-இல் தரைப்படையும் கடற்படையும் சேர்ந்து தொடங்கிய முறை என்பதால் அந்த இரண்டு எழுத்து. பின்னால் வரும் மூன்று எழுத்தில் முதலாவது எங்கே இருக்கிறது, இரண்டாவது என்ன கருவி, மூன்றாவது என்ன வேலை. பிஆர்சி என்றால் தூக்கிச் செல்லும், ரேடியோ, தகவல் தொடர்பு. ஏபிஜி என்றால் விமானத்தில், ரேடார், சுடுவதை நெறிப்படுத்துவது. நடுவில் வரும் பி ரேடார், முதலில் வரும் பி கையடக்கமானது. இடத்தை வைத்துத்தான் பொருள். ஒருமுறை கற்றுக்கொண்டால் முன்பின் பார்க்காத கருவியையும் ஊகித்துவிடலாம் என்ற அளவில், எல்லா அமெரிக்க முறைகளிலும் இதுதான் ஒழுங்கானது.

பிரிட்டன் என்ன செய்கிறது?

தரைப்படைப் பொருளுக்கு எல் என்ற எழுத்தும் எண்ணும், திருத்தத்துக்கு ஏ1, ஏ2. எல்1ஏ1, எல்85ஏ2 என்று போகும். இங்கேயும் வகைதோறும் தனி வரிசைதான்: முதலில் சொன்ன எல்7 இயந்திரத் துப்பாக்கியைத் தவிர, 105 மில்லிமீட்டர் டாங்கிப் பீரங்கி ஒன்றும் எல்7தான். ஒன்றை ஆள் தோளில் சுமந்து போகலாம், மற்றதைத் தூக்கக் கிரேன் வேண்டும்.

பிரிட்டன் செய்த இன்னொரு வேலை சுவாரசியமானது. போருக்குப் பிறகு 1958 வரை, ஆய்வில் இருந்த ரகசியத் திட்டங்களுக்கு ஒரு நிறமும் ஒரு பெயர்ச்சொல்லும் சேர்த்துப் பெயர் வைத்தார்கள். நீல டான்யூப் என்பது அவர்களுடைய முதல் அணுகுண்டு. மஞ்சள் சூரியன் ஹைட்ரஜன் குண்டு. நீல மயில் என்பது மண்ணில் புதைக்கும் அணு கண்ணிவெடி! பெயரைக் கேட்டால் பொருள் என்னவென்று ஊகிக்க முடியாமல் இருப்பதுதான் நோக்கம்.

அதற்கு அவர்களிடம் நல்ல காரணம் இருந்தது. 1940-இல் ஜெர்மனி, குண்டுவீச்சு விமானங்களை ரேடியோக் கற்றையால் வழிநடத்தும் ஒரு கருவிக்கு வோட்டன் என்று பெயர் வைத்திருந்தது. பிரிட்டனின் அறிவியல் உளவுப் பிரிவில் இருந்த ஆர். வி. ஜோன்ஸ், வோட்டன் யார் என்று ஜெர்மானியத் தொன்மங்களை அறிந்த ஒருவரிடம் விசாரித்தார். ஒற்றைக் கண் கடவுள் என்று பதில் வந்தது. அப்படியானால் ஒற்றைக் கற்றையில் இயங்கும் கருவி என்று ஊகித்தார். ஊகம் சரியாகவே இருந்தது. பெயர் வைத்தவரின் ரசனை எதிரிக்கு உதவியது.

ரஷ்ய ஆயுதம் ஒன்றுக்கு ஏன் நான்கைந்து பெயர்?

ஒவ்வொரு பெயரும் வேறு பேரேட்டைச் சேர்ந்தது. ஸ்கட் ஏவுகணையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏவுகணைக்கு ஆர்-17 என்று பெயர். சோவியத் ராணுவத்தின் பீரங்கி, ஏவுகணை இயக்ககத்தின் கணக்கில் அதன் குறியீடு 8கே14. ஏவுகணை, அதைச் சுமக்கும் வண்டி, துணைக் கருவிகள் எல்லாம் சேர்ந்த மொத்த அமைப்பு 9கே72, அதன் பெயர் எல்புருஸ். ஸ்கட்-பி என்பதும் எஸ்எஸ்-1சி என்பதும் மேற்கு நாடுகள் வைத்தவை. இவற்றில் எதுவும் தவறில்லை. ஆனால் ஒரு கட்டுரை 9கே72 என்று சொல்லி இன்னொன்று 8கே14 என்று சொன்னால், இரண்டு ஆயுதங்கள் என்று கணக்கில் எடுத்துவிடக் கூடாது.

அந்த இயக்ககத்தின் குறியீடு எண், எழுத்து, எண் என்று வரும். முதல் எண் பெரும் பிரிவு, எழுத்து உட்பிரிவு. 6பி என்று தொடங்கினால் சிறு ஆயுதம்; ஏகே-74 துப்பாக்கியின் குறியீடு 6பி20. 9கே என்பது ஏவுகணை அமைப்பு, 9எம் அதில் போகும் ஏவுகணை. தோளில் வைத்து ஏவும் இக்லா அமைப்பு 9கே38, அதன் ஏவுகணை 9எம்39. 2எஸ் என்றால் தானாக நகரும் பீரங்கி. அந்த வரிசைக்குப் பூக்களின் பெயரை வைத்த புண்ணியவான் யாரோ தெரியவில்லை: 2எஸ்1 கார்னேஷன், 2எஸ்3 அகேசியா, 2எஸ்4 டியூலிப், 2எஸ்7 பியோனி. டியூலிப் என்பது 240 மில்லிமீட்டர் மோர்ட்டார்.

விமானங்கள் வடிவமைப்பு நிறுவனத்தின் பெயரில் வரும்: மிக், சுகோய், டுபோலெவ், இல்யூஷின். போர் விமானத்துக்கு ஒற்றைப்படை, குண்டுவீச்சுக்கு இரட்டைப்படை என்பது பொதுவழக்கு. மிக்-21, மிக்-29 ஒருபக்கம், சுகோய்-24, சுகோய்-34 மறுபக்கம். பின்னால் வரும் எழுத்துகளை மட்டும் கவனமாகப் பாருங்கள். சுகோய்-30எம்கேஐ என்பதில் எம் நவீனமாக்கப்பட்டது, கே ஏற்றுமதி வணிகத்துக்கானது, ஐ இந்தியாவுக்கானது. மிக்-29கே என்பதிலும் கே இருக்கிறது, அது கப்பலைக் குறிக்கும்.

எழுத்தை வைத்து நிதி வாங்கிய கதையும் உண்டு. டுபோலெவ்-22எம் என்பதில் எம் ‘திருத்தப்பட்டது’ என்று சொல்கிறது. இறக்கையின் கோணம் மாறும், உடல் வேறு, என்ஜின் வேறு. கிட்டத்தட்ட புது விமானம். புது விமானம் கேட்டால் கிடைக்காது, பழையதைச் சீர்திருத்துகிறோம் என்றால் கிடைக்கும்.

ஃபல்க்ரம், பியர், பேக்ஃபயர்: இவை ரஷ்யப் பெயர்கள் இல்லையா?

இல்லை, மிக்-29, டுபோலெவ்-95, டுபோலெவ்-22எம் ஆகியவற்றுக்கு நேட்டோ வைத்தவை. எதிரி விமானத்தின் உண்மைப் பெயர் தெரியாத காலத்தில், ரேடியோவில் தெளிவாகச் சொல்லவும் ஒரு பெயர் தேவைப்பட்டபோது வந்த முறை. முதல் எழுத்து வேலையைச் சொல்லும்: ஆங்கிலத்தின் எஃப் என்றால் போர் விமானம், பி குண்டுவீச்சு, சி சரக்கு, ஹெச் ஹெலிகாப்டர். சாதாரண விமானங்களில் பெயர் ஒரே அசையாக இருந்தால் புரொப்பல்லர், இரண்டு அசையாக இருந்தால் ஜெட். பியர் ஓரசை, டுபோலெவ்-95 புரொப்பல்லரில் பறப்பது. பேக்ஃபயர் ஈரசை, ஜெட். நல்ல யோசனைதான்.

இதற்கு முன்னோடி 1942-இல் ஆஸ்திரேலியாவில் பிறந்தது. அமெரிக்க விமானப்படை உளவு அதிகாரி பிராங்க் மெக்காயின் குழு ஜப்பானியப் போர் விமானங்களுக்கு ஆண் பெயரும், குண்டுவீச்சு விமானங்களுக்குப் பெண் பெயரும் வைத்தது. ஸீக், பெட்டி என்று. ஒரு விமானத்துக்கு ஹாப் என்று வைத்தார்கள். அது விமானப்படைத் தலைவர் ஹாப் ஆர்னால்டின் செல்லப்பெயர். சீக்கிரமே அது ஹாம்ப் ஆகிவிட்டது.

நீர்மூழ்கிக் கப்பல்களில்தான் பெரிய பொறி. நேட்டோ டைஃபூன் என்று சொல்லும் ராட்சதக் கப்பலை சோவியத் நாடு அகூலா என்றது. நேட்டோ அகூலா என்று சொல்வது முற்றிலும் வேறு கப்பல், 971-ஆம் திட்டத்தைச் சேர்ந்தது. திட்ட எண்ணைப் பார்க்காமல் அகூலா என்று எழுதும் கட்டுரையை நான் நம்புவதில்லை.

ஆண்டை வைத்துப் பெயரிட்டால் குழப்பமே வராதே?

எந்த ஆண்டு என்று முதலில் கேட்க வேண்டும். ஜப்பான் தன் பேரரசு ஆண்டை எடுத்துக்கொண்டது. 1940 அவர்களுக்கு 2600. கடைசி இலக்கம் சுழியம். அதனால்தான் அந்த ஆண்டு வந்த விமானம் ஸீரோ. 2597-இல், அதாவது 1937-இல் ஏற்கப்பட்டதெல்லாம் வகை 97: ஒரு டாங்கி, ஒரு இயந்திரத் துப்பாக்கி, ஒரு கையெறிகுண்டு. அதற்கு முந்தைய வகை 38 துப்பாக்கியோ மெய்ஜி பேரரசரின் 38-ஆம் ஆட்சி ஆண்டு, 1905. போருக்குப் பின் பொது ஆண்டுக்கு மாறினார்கள். வகை 10 டாங்கி 2010-ஐச் சேர்ந்தது.

சீனாவில் வகை 56 என்று மூன்று ஆயுதங்கள் இருந்தன. மூன்றும் சோவியத் வடிவங்களின் நகல், மூன்றும் தோளில் தொங்குபவை: ஒரு கார்பைன், ஒரு ஏகே, ஒரு இலகு இயந்திரத் துப்பாக்கி.

ஆண்டு பொய்யும் சொல்லும். ஜெர்மனியின் புகழ்பெற்ற 88 மில்லிமீட்டர் விமான எதிர்ப்புப் பீரங்கியின் பெயரில் 18 இருக்கிறது. அது 1918-இல் செய்ததில்லை. முதல் உலகப் போருக்குப் பிந்தைய வெர்சாய் ஒப்பந்தம் புதிய கனரகப் பீரங்கிகளைத் தடுத்திருந்ததால், பழைய பொருள் என்று காட்டிக்கொள்ள அந்த எண்ணைப் போட்டார்கள்.

நன்றாக யோசித்து வைத்த முறை எங்காவது இருக்கிறதா?

என் ஓட்டு சுவீடனின் டாங்கிகளுக்கு. எண்ணின் கடைசி இலக்கம் வரிசை, அதற்கு முன்னால் இருப்பது பீரங்கியின் குழாய் விட்டம் சென்டிமீட்டரில். ஸ்ட்ரிட்ஸ்வாக்ன் (அவர்கள் மொழியில் டாங்கி) 103 என்றால் 10 சென்டிமீட்டர் வகைப் பீரங்கி கொண்ட மூன்றாவது டாங்கி. 122 என்றால் 12 சென்டிமீட்டர், இரண்டாவது. பிரிட்டனிடம் வாங்கிய சென்டூரியன் முதலில் 81 ஆக இருந்தது. அதற்குப் பெரிய பீரங்கி பொருத்தியதும் 102 ஆகிவிட்டது. எந்தக் குண்டை அனுப்புவது என்று கிடங்குக்காரர் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அவர்களுடைய கிரிப்பன் விமானத்தின் ஜேஏஎஸ் என்ற எழுத்துகளும் வேலையைத்தான் சொல்கின்றன: வான்சண்டை, தாக்குதல், வேவு.

போல்ட், நட்டுக்குக்கூடக் குறியீடு உண்டா?

உண்டு. எம்1, எல்7 போன்றவற்றைவிட அதிகமாகப் புழங்குவது அதுதான். நேட்டோ கையிருப்பு எண் 13 இலக்கம். முதல் நான்கு பொருளின் வகை: 1005 என்றால் 30 மில்லிமீட்டர் வரையிலான துப்பாக்கிகள், 5310 என்றால் நட்டும் வாஷரும். அடுத்த இரண்டு எந்த நாடு பதிவு செய்தது என்பது. கடைசி ஏழு வெறும் தொடர் எண், அதில் எந்தப் பொருளும் இல்லை. யார் தயாரித்தாலும், அளவும் தரமும் ஒன்றாக இருந்தால் எண் ஒன்றே. அருங்காட்சியகத்தில் ஒரு பழைய பெட்டியைப் பார்த்தால் பக்கவாட்டில் இந்த எண்ணைத் தேடிப் பாருங்கள்; பெரிய எழுத்தில் உள்ள பெயரைவிட அது நம்பகமானது.

வார்ட்ஹாக், ஹியூயி போன்ற செல்லப்பெயர்கள் அதிகாரப்பூர்வமானவையா?

அரிதாக. வார்ட்ஹாக் எனப்படும் ஏ-10 விமானத்தின் ஏற்கப்பட்ட பெயர் தண்டர்போல்ட் 2, யாரும் அப்படிச் சொல்வதில்லை. எஃப்-16 காகிதத்தில் ஃபைட்டிங் ஃபால்கன், விமானிகளிடம் வைப்பர். எஃப்-111-ஐ ஆர்ட்வார்க் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். விமானப்படை அதை அதிகாரப்பூர்வமாக ஏற்றது 1996-இல், ஓய்வுபெறும் விழா நாளில்.

குறியீட்டுக்கு வணிக முத்திரைச் சிக்கல் வருமா?

வந்திருக்கிறது. அமெரிக்கத் தரைப்படை தன் புதிய துப்பாக்கிக்கு எக்ஸ்எம்5 என்று வைத்தது. எம்5 என்ற பெயரில் கோல்ட் நிறுவனம் ஏற்கெனவே ஒரு துப்பாக்கி விற்றுக்கொண்டிருந்தது. 2023 தொடக்கத்தில் படை தன் பெயரை எக்ஸ்எம்7 என்று மாற்றிக்கொண்டது. 2022-இல் வந்த செய்திகளில் இன்னும் எக்ஸ்எம்5 என்றுதான் இருக்கும், துப்பாக்கி அதேதான்.